விரலில் மிஞ்சிய சந்தனம்

ஞாபக சக்தியில் என்னை அடிக்க ஆளில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தில் யார் எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள் என்பதுவரை சொல்லுவேன். அந்தத் திமிர் போன புரட்டாசியில் அடங்கியது. இப்போதெல்லாம் யாராவது 'அன்றைக்கு என்ன நடந்தது' என்று கேட்டால், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன்.

ஒரு போனில் ஆரம்பித்தது. நான் பணிக்காலம் முழுக்க வேலை பார்த்தது ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில். அதன் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். இரண்டு பேர் உட்காரும் விமானங்கள் மூன்று இருந்தன. அவற்றில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். நான் மெக்கானிக். ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கே திரும்பிவிட்டேன். வீட்டில் சும்மா இருந்தால் மனைவியோடு சண்டைதான் வருகிறது என்பதால் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தேன். பள்ளியின் இப்போதைய பாதுகாப்பு அதிகாரி அழைத்தார். என் மகள் வயது இருக்கும்.

"சார், பழைய விபத்து ஃபைல் எல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு. பழைய ஆட்கள் ஞாபகத்துல இருக்கறதை எழுதிக் கொடுத்தா தொகுத்து வச்சுக்குவோம். புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் வாசிச்சுக் காட்டப்போறோம். பேர் எதுவும் வேண்டாம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அது போதும். தீபாவளிக்குள்ள அனுப்புங்க சார்."

எங்கள் தொழிலில் இது முக்கியமான காரியம். ஒருவன் செய்த பிழையை அவன் வீட்டோடு புதைத்துவிட்டால் அடுத்தவன் அதே பிழையைச் செய்து ஆளைக் கொல்லுவான். அதனால் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட வேண்டும். இதை நான் எத்தனையோ வகுப்புகளில் மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிறகு அந்த வகுப்பை எடுக்க ஆளில்லாமல் போயிற்று, ஃபைலும் கரையானுக்குப் போயிற்று. மிச்சம் என் மண்டைதான் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து நான்கு சம்பவங்களை மடமடவென்று எழுதினேன். பெட்ரோல் டேங்கில் தண்ணீர் கலந்தது. இன்ஜினுக்குள் மறந்து வைத்த துடைப்புத் துணி. இறக்கைக்குள் விட்டுவிட்ட டார்ச் லைட். நான்காவது, குளவிக் கூடு. அதை எழுத எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. எத்தனையோ தடவை சொன்ன கதை.

கதை இதுதான். அந்தச் சின்ன விமானத்தின் இடது விலாவில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தகடு இருக்கும். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. வெளியே காற்று எப்படி இருக்கிறது என்பதை அந்தத் துளைதான் உள்ளே இருக்கும் கருவிகளுக்குச் சொல்லும். அது அடைத்துவிட்டால் உயரம் காட்டும் முள்ளும் வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லும். ஒரு விஜயதசமி காலையில் ஒரு மாணவன் முதன்முதலாகத் தனியாக ஏறினான். மேலே போனதும் வேகமுள் குறைவாகக் காட்டியது. விழுந்துவிடுவோமோ என்று பயந்து மூக்கைக் கீழே இறக்கி இறக்கி வேகத்தைக் கூட்டியிருக்கிறான். முள் குறைவாகத்தான் காட்டியது, உண்மையில் அவன் வந்த வேகமோ அதிகம். ஓடுபாதையைத் தொட்டதும் விமானம் எகிறிக் குதித்தது. இரண்டாம் முறை விழுந்தபோது முன்சக்கரம் ஒடிந்து மூக்கு தரையில் குத்தியது. பையன் பிழைத்தான். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து, விமானம் ஓட்டும் கனவு அதோடு முடிந்துபோயிற்று. துளைக்குள் குளவி மண் அடைத்திருந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். அன்று காலை விமானத்தைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர், பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். பாடம்: விமானம் நிற்கும்போது துளைக்கு ரப்பர் அடைப்பான் போடு, கிளம்புவதற்கு முன் கண்ணால் பார்.

அந்தப் 'பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர்' என் சிநேகிதன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் வெளியூரில் ஒரே அறையில் தங்கி ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்கள் நாங்கள். அந்த விபத்துக்குப் பிறகு ஒரே மாதத்தில் அவனுக்கு வேலை போயிற்று. விசாரணையில் அவன் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னான்: "பார்த்தேன் சார்." ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. எழுதி முடித்த தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக மத்தியானத் தூக்கம் போட்டேன்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கம்பெனியில் எல்லா மெஷின்களையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை வாங்கி, பெண்களெல்லாம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து அமர்க்களப்படுத்துவார்கள். இரண்டு நாள் கழித்து மெஷின்களை ஓட்டும்போது பேண்டேஜ் சுருட்டுகிற மெஷின் ஒன்று அசைய மறுத்தது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் எரிந்தது, அவ்வளவுதான். ஃபியூஸைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், ஒயரை எல்லாம் அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. சனியனை அரை மணி நேரம் திட்டினேன். அந்த மெஷினில் வேலை பார்க்கும் அம்மாள் மம்சாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பக்கத்தில் நின்று, "செத்த நேரம் உக்காருங்க அண்ணாச்சி, அதுக்கும் லீவு பத்தலை போல" என்று கிண்டல் பண்ணினார்.

பிறகுதான் பார்த்தேன். அந்த மெஷினில் கை நுழையும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கண் உண்டு. கை குறுக்கே வந்தால் அந்தக் கண் பார்த்து மெஷினை நிறுத்திவிடும். சென்சார் என்பார்கள். அந்தக் கண்மேல் அழகாக, வட்டமாக, காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு.

"யாரும்மா இதுல வச்சது?" என்றேன்.

"நாந்தான் அண்ணாச்சி. எல்லாத்துக்கும் வச்சு முடிச்ச பொறவு விரல்ல கொஞ்சம் மிஞ்சுச்சு. பூசைச் சந்தனத்தைச் சேலையில தொடைக்க மனசு வரலை. அங்கன கண்ணாடி வட்டமா இருந்துச்சா, வச்சுவிட்டேன். ஏன், வைக்கக் கூடாதா?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். பூஜைச் சந்தனத்தைக் கால்சட்டையில் துடைக்கக் கூடாது, கழுவி விடவும் கூடாது; மிஞ்சியதை எங்காவது ஒரு பொட்டாக வைத்துவிட வேண்டும். என் அம்மா வாசல் நிலையில் வைப்பாள். நான் கை எட்டுகிற இடத்தில் வைப்பேன்.

ஈரத்துணியால் அந்தக் கண்ணைத் துடைத்தேன். மெஷின் ஓடியது. அந்த மெஷின் தன் கண் மறைந்தால் ஓடமாட்டேன் என்று நின்றுவிடுகிறது. விமானம் அப்படி நிற்காது.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அந்த விபத்துக்கு முந்தின மாலையும் ஆயுத பூஜைதான். மூன்று விமானங்களுக்கும் சந்தனம் வைத்தவன் நான்தான். விசிறிக் கூம்பில் ஒன்று, மூக்கில் ஒன்று, கதவில் ஒன்று. இது மூன்றும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவுக்கு வைத்துவிட்டு நகரும்போது விரலில் மிஞ்சியிருந்த சந்தனத்தை எங்கே வைத்தேன்?

அந்தத் துளைத் தகட்டைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம் வரைந்திருக்கும், யாரும் மறைத்துவிடக் கூடாது என்று. பொட்டு வைக்க அளவெடுத்துப் போட்டது போலவே இருக்கும். கதவிலிருந்து எட்டிக் கை வைத்தால் எட்டும் தூரம்.

வைத்தேனா? நான் மெக்கானிக். அந்தத் துளையின் அருமை தெரிந்தவன். என் கை அப்படிச் செய்யுமா? செய்யாது என்று சத்தியம் பண்ணலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷம், அந்தக் குளிர்ந்த தகடு விரல் நுனியில் பட்டது ஞாபகத்துக்கு வந்தது. அது நிஜமாகவே ஞாபகமா, இல்லை இப்போது தொட்ட கண்ணாடியின் குளிர்ச்சியா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"அந்த வருசம் பூசைக்கு நீங்க அங்கன எங்க இருந்தீக? வில்லிபுத்தூர்ல எங்க அம்மா வீட்டுலல்ல இருந்தோம்" என்றாள்.

நான் அங்கே இல்லவே இல்லை என்றால் சந்தனம் வைத்தது யார்? மனைவி செத்த நேரம் விரல் விட்டு எண்ணிவிட்டு, "இல்ல, அது மறு வருசம். பிள்ளை இடுப்புல இருந்துச்சு" என்றாள். பிறகு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து அந்த வருஷத்துப் பூஜை போட்டோ ஒன்றைத் தேடி எடுத்தாள். மாலை போட்ட விமானம். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நான், ஒல்லியாக, வாயெல்லாம் பல்லாக. அப்பாடா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், படம் எடுத்தது வலது பக்கத்திலிருந்து. துளை இருப்பது இடது பக்கம். கிழிந்தது போ என்று போட்டோவைக் கட்டிலில் போட்டேன்.

அன்றிரவே என் புத்தி வேறு வழியில் போயிற்று. துளையிலிருந்து வந்ததைச் சுரண்டி எடுத்தவன் நான்தானே. விபத்துக்கு மூன்றாம் நாள், விசாரணைக்கு வந்த அதிகாரி பக்கத்தில் நிற்க, பல் குத்தும் குச்சியால் குத்தி எடுத்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு உதிர்ந்தது. "என்னது அது?" என்றார். "குளவி மண்ணு சார்" என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஷெட்டில் மூலைக்கு மூலை குளவிக்கூடு இருந்தது உண்மை. விபத்தன்று தீப்பிடிக்காமலிருக்கத் தண்ணீர் பீய்ச்சி அடித்ததால் விமானத்தின் மேலிருந்த சந்தனம் குங்குமம் எல்லாம் கழுவிப் போயிருந்ததும் உண்மை. அவர் குறித்துக்கொண்டார். அதோடு அது விசாரணைக் குறிப்பு ஆயிற்று, அறிக்கை ஆயிற்று, நான் மேஜை தட்டிச் சொல்லும் பாடம் ஆயிற்று.

மறுநாள் காலையில் ஜன்னல் மூலையிலிருந்த குளவிக்கூட்டைப் பெயர்த்தேன். பூஜை அறையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்தேன். இரண்டையும் இரண்டு பேனா மூடிகளின் துளையில் அடைத்து மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மனைவி மேலே துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டு, "என்ன, புது வைத்தியமா?" என்றாள். மூன்று நாள் கழித்துச் சுரண்டிப் பார்த்தேன். இரண்டும் பழுப்பு. இரண்டும் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தன. சந்தனத்தில் லேசாக வாசனை இருந்தது. அன்றைக்கு நான் முகர்ந்து பார்க்கவில்லை. பெட்ரோல் நாற்றத்தில் முகர்ந்தாலும் தெரிந்திருக்காது.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. குளவி என்றால், காலையில் அவன் பார்த்துவிட்டுப் போன பிறகுகூட வந்து அடைத்திருக்கலாம். அப்படியானால் அவன் 'பார்த்தேன்' என்று சொன்னது உண்மையாக இருக்கலாம். சந்தனம் என்றால் அது முந்தின மாலையே அங்கே இருந்தது. அப்போது அவன் பார்த்ததாகச் சொன்னது சுத்தப் பொய். ஆக, என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டால் அவன் பொய்யனாகிறான். அவனுக்காகவாவது குளவி குளவியாகவே இருக்கட்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். மறுநாள் அந்த நினைப்பே அசிங்கமாக இருந்தது. இவ்வளவு நாளும் அவனைப் பார்க்காதவன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். இப்போது அவன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் விரலை மறைக்கப் பார்க்கிறேன்.

சும்மா எழுதாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அப்போது ரப்பர் அடைப்பான் ஞாபகத்துக்கு வந்தது. குளவிக்குப் பயந்து அதைப் போடுவார்கள், சரி. ஆயுத பூஜைக்கு விமானத்தை அலங்கரிக்கும்போது அதைக் கழற்றிவிட்டுத்தானே பொட்டு வைப்பார்கள்? குளவி என்று எழுதி வைத்தால், எந்த நாளில் ஆபத்தோ அந்த நாளில் அந்தப் பாடம் உதவாது. இன்னொரு பிள்ளை இன்னொரு விஜயதசமியில் ஏறும். தெரியாது என்று கையை விரித்துவிட்டு உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். புரட்டாசிச் சனி என்பதை மறந்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் பஸ்ஸைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. துளசி மாலையும் வியர்வையுமாக நசுங்கி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டே, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஊர் வந்துவிட்டது, யோசனை முடியவில்லை.

சிநேகிதன் மம்சாபுரம் ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். வேலை போய் ஊருக்கு வந்தவன் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, சுற்று வட்டாரத்து விவசாயிகள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவனிடமே வருகிற அளவுக்குப் பேர் வாங்கிவிட்டான். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பார்த்துக்கொள்வோம். நல்லது கெட்டதற்குப் போய் வருவோம். அந்த விஜயதசமியைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசியதில்லை.

"வாலே. என்ன, பெருமாளைப் பாக்க வந்தியா?" என்றான் தலையைத் தூக்காமல். மடியில் ஒரு மோட்டாரின் வயிற்றைத் திறந்து வைத்துச் செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"உன்னையப் பாக்கத்தான்" என்றேன்.

டீ வந்தது. நான் குளறிக் குளறி எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, வகுப்பில் சொல்லிவந்த கதையையே எழுதியது, பேண்டேஜ் மெஷின், மிஞ்சின சந்தனம், போட்டோ, பேனா மூடி. பேனா மூடியைச் சொன்னபோது சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கம்பி சுற்றுவதையும் நிறுத்தவில்லை.

"வகுப்புல இந்தக் கதையைச் சொல்லுவேன்னியே. என்னையப் பத்தி என்ன சொல்லுவ?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பேரு சொல்ல மாட்டேன்" என்றேன்.

"பேரு கெடக்கட்டும். என்ன சொல்லுவ?"

"ஒருத்தரு பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டாருன்னு."

"எம்புட்டுப் பேருகிட்டச் சொல்லிருப்ப?"

"எண்ணலைலே" என்றேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவன் கம்பியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். கோவிந்தா கோவிந்தா என்று ஒரு வேன் போயிற்று.

"பாத்தேம்லே. அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்னைக்கும் அதைத்தான் சொல்லுதேன். சுத்திப் பாத்தேன். அந்த வட்டத்தையும் பாத்தேன். அதுல சந்தனப் பொட்டு இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. அழகா, வட்டத்துக்குள்ளயே. அது உன் கைதான்னு பாத்ததுமே தெரியும். நீ வைக்கிற பொட்டு எப்பவும் பெருசா இருக்கும். பொட்டுன்னு பாத்தேன். துளைன்னு பாக்கலை. இல்ல, பொய் சொல்லக் கூடாது. ஒரு நிமிசம் துளைன்னும் தோணுச்சு. தொடைக்கலாமான்னு கையைத் தூக்கினேன். விஜயதசமி காலையில, அந்தப் பையனோட அம்மா தேங்காயை வச்சுக்கிட்டு நிக்காக. நல்ல நேரம் முடியப்போகுதுன்னு அவிய அவசரப்படுத்துதாக. பூசைப் பொட்டை எப்படிலே அழிக்க? மேல போனா காத்துல காஞ்சு உதிர்ந்துரும்னு நெனச்சேன். கையைக் கீழ போட்டுட்டேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "இதை ஏன் நீ விசாரணையில சொல்லலை?"

"சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள நீ குச்சியை வச்சுக் குத்திக் குளவின்னு சொல்லிட்ட. நீ தெரிஞ்சுதான் சொல்லுதன்னு நெனச்சேன். சந்தனம்னா வச்சவன் யாருன்னு கேப்பாக. உன் பொண்டாட்டி மாசமா இருந்த நேரம். நீயே மாத்திச் சொல்லும்போது நான் எதுக்கு உன்னையக் காட்டிக் கொடுக்கன்னு விட்டுட்டேன். பொறவு பாத்தா, என்னையக் காட்டிக் கொடுத்துட்டாக."

"நான் தெரிஞ்சு சொல்லலைலே. சத்தியமா எனக்குத் தெரியலை. அது குளவியா சந்தனமான்னு அன்னைக்கும் தெரியலை. நான் வச்சேனா இல்லையான்னு இப்ப நீ சொல்லுத வரைக்கும் தெரியலை."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு கோபத்தை அவன் முகத்தில் நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் தாழ்ந்துதான் இருந்தது.

"தெரியலைன்னே சொல்லிருக்கலாம்லலே. 'எனக்குத் தெரியலை சார், என்னன்னு பாருங்க'ன்னு ஒரு வார்த்தை. அந்தத் துணுக்கை எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்துருப்பாகளே. நானும் வாயைத் திறந்துருப்பேன். உனக்குத் தெரியாதுன்னு சொல்ல எம்புட்டு நேரமாவும்?"

நான் எல்லாம் தெரிந்த ஆள் அல்லவா. அதிகாரி கேட்டதும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்று வாய் திறந்துவிட்டது. அந்த ஒரு பதிலில் இவன் வேலை போயிற்று.

டீ ஆறிப் போயிருந்தது. கட்டக் கொடுத்த மோட்டாரை வாங்க ஒருவர் வந்தார், அவரிடம் பேசி அனுப்பினான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இப்ப என்ன எழுதப் போற?" என்றான்.

"நீ சொன்னதை எழுதவா? உனக்குச் சம்மதமா?"

"எழுது. நீ வச்சதையும் எழுது, நான் அழிக்காததையும் எழுது. ஆனா பாக்கலைன்னு மட்டும் எழுதாத. பாத்தேன். அது வேற, இது வேற." கம்பியைக் கையில் எடுத்தான். "பாக்காதவனுக்குப் பாருன்னு சொன்னாப் போதும். பாத்தவனுக்கு என்ன சொல்லுவாக? அதை யோசிச்சு எழுதச் சொல்லு."

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தெளிவு வந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. எனக்கு இன்னும் குழப்பம் கூடியிருந்தது. அவன் பொட்டைப் பார்த்தான் என்கிறான், நம்புகிறேன். ஆனால் அந்த மூன்றாம் நாள் குச்சியில் வந்தது சந்தனம்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல இப்போதும் என்னால் முடியாது. மூன்று நாளில் ஒரு குளவியும் வந்திருக்கலாம். அன்றைக்குப் பொய் சொன்ன வேகமுள்ளைக் கேட்கவா முடியும்? இவ்வளவு வருஷம் வைத்திருந்த பதில் போயிற்று, அந்த இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை.

அலமாரியிலிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நான்கு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் 'எனக்கு நிச்சயமாகத் தெரியாது' என்ற வரியை அடித்துவிடக் கை போயிற்று. அதிகாரிக்கு அனுப்பியதும் போன் வந்தது.

"சார், குளவியா சந்தனமான்னு ஒன்னு போட்டாத்தான் வாசிக்கறவங்களுக்குப் பாடமா இருக்கும். இது கொஞ்சம் குழப்பமா இருக்கே."

"குழப்பமாத்தாம்மா இருந்துச்சு" என்றேன். "நான் அதைக் குழப்பமில்லாமச் சொன்னதுனாலதான் இவ்வளவும் ஆச்சு. இருக்கறபடியே போடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சிநேகிதனிடமிருந்து போன் வரும். மழை எப்படி, பிளவக்கல் அணையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இழுத்துவிட்டு, கடைசியில், "அது வந்துட்டா?" என்பான். வரவில்லை என்பேன். சரி என்று வைத்துவிடுவான்.

தை பிறந்து இரண்டு வாரம் கழித்து அந்தத் தொகுப்பு என் போனுக்கு வந்தது. அவனே கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நான் கூப்பிட்டேன். "எங்கதை இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன். வாசிக்கச் சொன்னான். மெஷின் சத்தத்துக்கு விலகி, கம்பெனி வாசலில் வேப்ப மரத்தடியில் நின்று வாசித்தேன்.

'பூஜைக்கு வைத்த சந்தனம் அந்தத் துளையின் மேல் இருந்தது. வைத்தவருக்கு வைத்தது நினைவில்லை. துளையை அடைத்தது சந்தனமா, குளவி மண்ணா என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியாது; ஆனால் கேட்டதும் குளவி என்று சொல்லிவிட்டார். காலையில் பரிசோதித்தவர் அந்தப் பொட்டைப் பார்த்தார். அழிக்கத் தயங்கினார்.'

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவன் நிறுத்துவது கேட்டது.

"பாத்தாருன்னு போட்டுருக்கா?" என்றான்.

"போட்டுருக்கு."

"இன்னொருக்க வாசிலே" என்றான்.

வாசித்தேன்.